மூன்று தாள் நிறையப் பெண்கள்: தொரீ கியோனாகாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொரீ கியோனாகா அவர்களுக்கு,

1815-இல் மறைந்துவிட்ட உங்கள் கைக்கு இந்தக் கடிதம் வந்து சேராது. உங்கள் படங்களைப் பார்த்தவர்களும் இனிமேல் பார்க்கப்போகிறவர்களும் படிக்கட்டும் என்றே ஊரறிய எழுதுகிறேன்.

நான் தமிழ் இதழ்களில் வரும் கதைகளுக்குப் படம் வரைகிறவள். கதைக்குப் படம் என்றால் எங்கள் வழக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெண் முகம். அகன்ற கண்கள், நெற்றியில் புரளும் ஒரு கற்றை முடி, அருகே கதையின் தலைப்பு. அந்தப் பெண் யாரோடும் பேசிக்கொண்டிருக்க மாட்டாள். வாசகரைப் பார்ப்பாள், இல்லையென்றால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு பெண்கள் கூடி நின்று பேசுவதை வரைய எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் நாட்டு மொழி எனக்குத் தெரியாது. படங்களைப் பார்த்துப் பார்த்து, பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்து கற்றுக்கொண்டேன்.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1752-இல் பிறந்த நீங்கள் புத்தக வியாபாரி ஒருவரின் மகன். தொரீ கியோமிட்சுவிடம் தொழில் படித்தீர்கள். இன்று டோக்கியோ என்று பெயர் மாறியிருக்கும் எடோவில், கபுகி நாடகக் கொட்டகைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுவதும் நடிகர்களைப் படமாக்குவதும் தொரீ குடும்பத்தின் வழிவழித் தொழில். பல மரக்கட்டைகளில் தனித்தனியே நிறமேற்றி ஒரே தாளில் அச்சிடும் முறை 1765-இல் சுசுகி ஹரூனோபுவின் கையில் செழித்தது. அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த நீங்கள் 1780-களில் அந்தக் கலையை ஏறக்குறைய ஆண்டீர்கள் என்றே சொல்லலாம். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டிய விலைக்குக் கடைத்தெருவில் விற்ற தாள்கள் அவை. அரண்மனைச் சுவருக்காக வரைந்தவை கிடையாது.

சுமிதா ஆற்றங்கரையில் மாலைக் காற்று வாங்கும் பெண்களின் படத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய படம். கரையோரப் பலகையில் சிலர் அமர்ந்திருக்கிறார்கள், சிலர் நடந்து வருகிறார்கள். கதை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பேச்சு காதில் விழுகிறது.

உங்கள் பெண்களுக்கெல்லாம் ஒரே முகம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். நீள்வட்ட முகம், கோடாக இழுத்த கண், சின்னஞ்சிறு வாய். உங்களுக்குப் பின் புகழ்பெற்ற உதமாரோ முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, ஒவ்வொருத்தியின் மனத்தையும் அதில் காட்டினார். உலகம் அவரைக் கொண்டாடுவது நியாயம். எனக்கு ஆசிரியர் நீங்கள்தான். முகம் பேசாமல் இருந்தால் உடம்பு பேச வேண்டியிருக்கும். பின்னால் வருகிறவளுக்காக ஒருத்தி இடுப்பிலிருந்து திரும்புகிறாள். சொல்வதை வாங்கிக்கொள்ள இன்னொருத்தியின் தலை தோளளவு இறங்குகிறது. மூன்றாமவளுக்கு இந்தப் பேச்சில் நாட்டமில்லை. அவள் பாதம் வேறு திசையில் கிடக்கிறது. கிமோனோவின் கீழ்க்கரை எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பார்த்தாலே யார் நடந்து வந்தவள், யார் நெடுநேரமாக நிற்பவள் என்று சொல்லிவிடலாம். தலையை எட்டு முறை அடுக்கினால் வரும் உயரத்தில் அந்த உருவங்களை நீங்கள் நீட்டியதற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். நீண்ட உடம்பில் ஒரு சின்னத் திரும்பல்கூடத் தூரத்திலிருந்து தெரியும்.

எஜமானிக்குப் பின்னால் மூட்டையோடு வரும் வேலைக்காரப் பெண்ணுக்கும் நீங்கள் அதே உயரத்தைக் கொடுத்தீர்கள். உடையும் கொண்டையும்தான் அவளை வேறுபடுத்துகின்றன. கல்யாணமாகாதவளுக்குத் தொங்கும் நீளக் கை, மணமானவளுக்குக் குட்டைக் கை, மழித்த புருவம் என்று அந்த ஊர் அடையாளங்கள் எல்லாம் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் யாரையும் குள்ளமாக்கவில்லை, யாரையும் மங்கலாக்கவில்லை. என் வேலையில் இதைத்தான் நான் அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கதாநாயகிக்கு மட்டும் கண் மூக்கு வரைந்து, மற்றவர்களை நிழலாக விட்டுவிடுவது எங்கள் தொழிலில் சுலபமான வழி. ஆசிரியர் குழுவில் ஒரு முகம் கேட்டால் இப்போதெல்லாம் இரண்டு பேரையாவது வரைந்து அனுப்புகிறேன். அம்மாவும் மகளும் வரும் கதை என்றால் இரண்டு பேருடைய கைகளையும் படத்துக்குள் கொண்டுவருகிறேன்.

தொழில் நுணுக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தாள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 39-க்கு 26 சென்டிமீட்டர். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமான அகலம். பின்னணியில் ஆறும் பாலமும் தூரத்துக் கரையும் தாள் தாண்டி ஓடும். அதே சமயம், ஒரே ஒரு தாளை மட்டும் வாங்கிப் போகிறவரின் கையிலும் அது முழுப் படமாக இருக்க வேண்டும். அசுமா பாலத்துக்கு அடியில் படகில் குளிர்ச்சி தேடும் பெண்களை நீங்கள் மூன்று தாளில் வைத்தது அப்படித்தான். மூன்று கூட்டம், ஒரே ஆறு. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பேச்சு சுற்றி வருகிறது; ஒருத்தி மட்டும் பக்கத்துத் தாள் பக்கம் திரும்பி மூன்றையும் இணைத்துவிடுகிறாள். பக்க மடிப்பில் படம் வெட்டுப்படும் இதழ்களில் வேலை செய்கிற எனக்கு இது எத்தனை பெரிய பாடம் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இந்தப் பெண்களை நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்பதை யோசிக்கும்போது என் நன்றி இரண்டு மடங்காகிறது. உங்கள் காலத்துப் பெண் பிள்ளைகளுக்கு ‘ஒன்னா தைகாகு’ என்ற ஒழுக்க நூலைப் படிக்கக் கொடுத்தார்கள். கைபாரா எக்கென் என்ற அறிஞரின் பெயரால் வழங்கிய அந்த நூல் 1716 முதலே அச்சில் கிடைத்தது. மாமனார் மாமியாருக்குப் பணிவதிலிருந்து விடியற்காலையில் எழுவதுவரை பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அது வகுத்துச் சொல்லும். நாற்பது வயது ஆகும்வரை, கூட்டம் கூடும் கோயில்களுக்கு அடிக்கடி போகக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. அந்த நூலை வீட்டில் வைத்திருந்த அதே ஊரில், உங்கள் படங்களில் பெண்கள் கோயிலுக்குப் போகிறார்கள், பூப் பார்க்கப் போகிறார்கள், பாலத்தைக் கடக்கிறார்கள், காற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நாட்டை ஆண்ட எட்டாவது ஷோகுன் யோஷிமுனே 1720-களில் செர்ரி மரங்களை நட்டு, பின்னர் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்ட அசுக்கா குன்றில், மூன்று தாள் அகலத்துக்குப் பெண்கள் உலாவுகிறார்கள். 1721-இல் எடோ நகரத்துச் சாமானியக் குடிகளை எண்ணியபோது ஆண்கள் ஏறக்குறைய 3,23,000 பேர். பெண்கள் 1,78,000 பேர்தான். உங்கள் காலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து வந்தது என்றாலும் அது ஆண்கள் நிறைந்த ஊர். வேலை தேடி வந்த ஆண்கள், பிரபுக்களோடு வந்து தங்கிய சாமுராய்கள் என்று தெருவெல்லாம் அவர்கள்தான். அப்படிப்பட்ட ஊரின் கரையையும் குன்றையும் பாலத்தையும் நீங்கள் பெண்களுக்குக் கொடுத்தீர்கள்.

மிமேகுரி கோயில் மழையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1787-ஐ ஒட்டி வந்த மூன்று தாள் படம். திடீரென்று கொட்டும் மழை. கோயில் வாயிலின் கூரைக்கடியில் சிலர் ஒதுங்கியிருக்கிறார்கள், சிலர் ஓடி வருகிறார்கள். மேலே மேகத்தில் இடித் தெய்வமும் கூட்டாளிகளும் உட்கார்ந்து கவிதை பற்றி ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வறட்சியில் அங்கே கவிஞர் கிக்கக்கு ஹைக்கூ எழுதி வேண்டிக்கொண்டதும் மழை வந்தது என்ற பழைய கதை எடோவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மேகத்தைவிடக் கூரைக்கு அடியில்தான் கண் நிற்கிறது. அறிமுகமில்லாதவர்கள் மழையால் நெருங்கி நிற்க நேரும்போது, அதுவரை இருந்த வரிசை கலைந்துபோகிறது. யாருடைய ஈர உடை யார்மேல் படுகிறது என்று பார்க்க அவகாசமில்லை. நனைந்த விளிம்பைப் பிழிகிற அவசரத்தில் ஆச்சாரம் தளர்ந்துவிடுகிறது. பெண்கள் வெளியில் கூடுவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்த காலத்தில், யாரும் கேள்வி கேட்க முடியாத காரணமாக நீங்கள் மழையை அனுப்பினீர்கள்.

இனி உங்கள் குளியற்கூடப் படம். எடோவில் மர வீடுகள் நெருங்கிக் கிடந்தன. தீப் பயம், விறகுச் செலவு, தண்ணீர்ப் பாடு எல்லாம் சேர்ந்து, வசதியுள்ளவர்கள்கூடப் பொதுக் குளியற்கூடத்துக்கே போனார்கள். வெந்நீர்த் தொட்டியின் ஆவி வெளியேறாமலிருக்கக் குனிந்து நுழையும்படி தாழ்வான வாயில் வைத்திருப்பார்கள். சோப்பு இல்லாத காலம். அரிசித் தவிடு நிரப்பிய சின்னத் துணிப்பையால் உடம்பு தேய்ப்பார்கள். ஆண்களுக்கு மாடியில் தனி அறை உண்டு. குளித்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம், ஷோகி என்ற சதுரங்கம் ஆடலாம், ஊர்வம்பு பேசலாம். பெண்களுக்கு அப்படி ஒரு மாடி கிடையாது. அவர்களுடைய பேச்செல்லாம் கீழேயே, ஈரத் தரையில், துடைப்பதற்கும் உடுத்துவதற்கும் நடுவில் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தைத்தான் இரண்டு தாள்களில் வரைந்தீர்கள்.

நிர்வாணம் பல நாட்டு ஓவியங்களில் உண்டு. பெரும்பாலும் அந்தப் பெண் தன்னைப் பார்க்கிறவருக்காகவே படுத்திருப்பாள். உங்கள் குளியற்கூடத்தில் அந்த உணர்வே எழுவதில்லை. ஒருத்தி குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொள்கிறாள், ஒருத்தி பருத்தி உடையைப் போர்த்திக்கொள்கிறாள், ஒருத்தி கிளம்பத் தயாராகிவிட்டாள். அவரவர் வேலையில் அவரவர். வெளியே யாராவது நின்று பார்த்தால் அவருக்கு அங்கே இடமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் குளிப்பதை 1791-இல் அரசு தடை செய்தது. உங்கள் படம் அதற்குச் சில ஆண்டு முந்தியது. சட்டம் வருமுன்பே, பெண்கள் மட்டுமே இருக்கும் ஓர் அறை எப்படி மூச்சுவிடும் என்று காட்டியிருக்கிறீர்கள். இந்தப் படத்தின் பிரதி ஒன்று கடல் தாண்டிப் பாரிஸுக்குப் போய் ஓவியர் எட்கார் தெகாவின் கைக்கு வந்தது. தன் படுக்கையறையில் அவர் அதை மாட்டி வைத்திருந்தார். இன்று அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தெகா வரைந்த குளிக்கும் பெண்கள் பெரும்பாலும் தனியாக இருக்கிறார்கள். உங்களிடம் உடம்பின் வளைவை அவர் கற்றார். கூட்டத்தைக் கற்றவர் அவருடைய தோழி, ஓவியர் மேரி கசாட். 1890 வசந்தத்தில் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் நூற்றுக்கணக்கான ஜப்பானிய அச்சோவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவர் போய்ப் பார்த்தார். தோழி பெர்த் மொரிசோவையும் வந்து பார்க்கும்படி கடிதம் எழுதினார். பார்த்துவிட்டு வந்து பத்து வண்ண அச்சுகள் செய்தார், ஒவ்வொன்றிலும் 25 பிரதிகள். தேநீருக்கு வந்த விருந்தாளி, உடை அளவு பார்க்க மண்டியிட்டிருக்கும் தையற்காரி, குழந்தையோடும் தாதியோடும் வண்டியில் போகும் ஒரு தாய். ஆணுக்கு அவற்றில் ஏறக்குறைய வேலையே இல்லை. இந்தப் பாணியில் அவர் உதமாரோவுக்குத்தான் அதிகம் கடன்பட்டவர் என்பார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிக்குள் மூவர் உட்கார்ந்திருக்கும் விதத்தையும், பின்னணியில் ஆறும் பாலமும் நீண்டு கிடப்பதையும் பார்க்கும்போது அசுமா பாலத்துப் படகுகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

மனத்தில் இருப்பதையெல்லாம் சொல்வதுதான் நன்றிக்கு மரியாதை. அதனால் உறுத்துகிற இரண்டைச் சொல்கிறேன்.

நீங்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் எடோவுக்கு நல்ல ஆண்டுகள் இல்லை. 1783-இல் அசாமா எரிமலை வெடித்தது. குளிர்ந்த கோடைகளும் சேர்ந்து விளைச்சல் பொய்த்தது. வடக்கே மக்கள் பசியால் மாண்டார்கள். 1787 கோடையில் எடோவாசிகள் அரிசிக் கடைகளை உடைத்தார்கள். மிமேகுரி மழையும் குளியற்கூடமும் அந்த ஆண்டை ஒட்டியவைதான். உங்கள் தாள்களில் பஞ்சத்தின் சுவடே இல்லை. விற்பனைக்காகச் செய்த படம், பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சிக்கு லாபம் வேண்டும், தணிக்கையும் உண்டு; இதெல்லாம் புரிகிறது. ஆனாலும் அரிசி கிடைக்காத வாரத்தில் அந்தத் தாளை வாங்கிப் போன பெண் யாராக இருந்திருப்பாள் என்று யோசிக்கிறேன். மலர்ந்த மரத்தடியில் பசியில்லாமல் நடக்கிற பெண்களைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்திருப்பாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மற்றொன்று ஷினகாவா. தோக்கைடோ நெடுஞ்சாலையில் எடோவை விட்டதும் வரும் முதல் தங்குமிடம் அது. அங்கே கடலைப் பார்த்த மாடிகளில் இருந்த பெண்களைப் பன்னிரண்டு மாதத் தொடராக வரைந்தீர்கள். இரவில் தூரத்து மீன்பிடிப் படகுகளின் தீ வெளிச்சத்தை அறைக்குள்ளிருந்து பார்க்கும் பெண்களின் படம், உங்கள் வேலைகளிலேயே நிறத்தில் ஆழமானது என்பேன். அந்தப் பெண்கள் விருந்தாளிகள் கிடையாது. ‘உணவு பரிமாறுகிறவர்கள்’ என்ற பெயரில் விடுதிகளில் விற்கப்பட்டவர்கள். அரசு உரிமம் பெற்ற யோஷிவாராவில் நிலைமை இன்னும் இறுக்கம்: சுற்றிலும் அகழி, ஒரே வாயில், ஏழெட்டு வயதிலேயே கடனுக்கு விற்கப்பட்டு வந்த சிறுமிகள். மினோவாவில் உள்ள ஜோகான்ஜி கோயிலில் அப்படிப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர் புதைக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். உரிமை கோர யாரும் வராத உடல்கள். உங்கள் படத்தில் தெரிகிற பட்டுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கிறது. இந்தப் படங்கள் அந்த விடுதிகளுக்கு விளம்பரமாகவும் உதவின என்பதை மறைத்து நான் நன்றி சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்த ஷினகாவா இரவில் நீங்கள் வரைந்திருப்பது அந்தப் பெண்கள் தங்களுக்குள் இருக்கும் வேளையை. வாடிக்கையாளர் வந்திருக்கலாம், இனி வரலாம். அந்த நிமிடத்தில் அவர்கள் ஒருவரோடொருவர் இருக்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள். பூட்டி வைக்கப்பட்டவர்களுக்கும் தோழமை உண்டு, அதற்கும் ஒரு தாள் செலவழிக்கலாம் என்று நினைத்தீர்களே, அதற்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

1785-இல் உங்கள் குரு மறைந்தார். தொரீ குடும்பத்தில் பிறக்காத நீங்கள் அதன் நான்காம் தலைவரானீர்கள். 1790-க்குப் பிறகு பெண்கள் படம் வரைவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, நாடகப் பலகைகளுக்கும் அறிக்கைகளுக்கும் கையைக் கொடுத்தீர்கள். குருவின் பேரன் கியோமினேயை அடுத்த தலைவராக வளர்த்தீர்கள். ஓவியம் வரைந்துகொண்டிருந்த உங்கள் சொந்த மகனை அதிலிருந்து விலகச் செய்தீர்கள் என்று சொல்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த அந்தக் கொட்டகைப் பலகைகள் இன்று இல்லை. பத்தாண்டு காலத் தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. உங்கள் குருவின் வீட்டுக்கு நீங்கள் செய்த நியாயத்தை மதிக்கிறேன்; இன்னும் ஒரு பத்தாண்டு அந்தப் பெண்களோடு இருந்திருக்கலாமே என்ற ஆசையும் எனக்கு உண்டு.

கடைசியாக ஓர் உதவி. நீங்கள் தூரிகையால் கோடு போட்ட மெல்லிய தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டைத் தவிர மற்றதையெல்லாம் செதுக்கி எடுத்தவர்கள் இருந்தார்கள். நெற்றி ஓரத்தில் முடி தொடங்கும் இடத்தை மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவது தலைமைச் செதுக்குனரின் வேலை. கத்தி ஒரு முறை வழுக்கினால் பலகை முழுதும் வீண். அதற்குப் பிறகு நிறத்துக்கு ஒரு பலகையாக, முசுக்கட்டை நாரில் செய்த தாளை மூலைக் குறியோடு பொருத்தி, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் திண்டால் முதுகில் தேய்த்தெடுத்தவர்கள் இருந்தார்கள். உங்கள் படங்களில் கறுப்பு மெல்லுடைக்குள் சிவப்பு உள்ளுடை தெரிகிறதே, அதைத் தெரியவைத்தவர்கள் அவர்கள். தாளின் ஓரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, பதிப்பாளர் முத்திரை இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை. அச்சகத்தில் என் படத்துக்கு நிறம் சரிபார்க்கிறவர்களின் பெயரும் இதழில் வருவதில்லை. உங்கள் பட்டறைக்காரர்களை எங்காவது சந்தித்தால், தென்னிந்தியாவில் படம் வரைகிற ஒருத்தி அவர்களுக்கும் சேர்த்து நன்றி சொன்னாள் என்று தெரிவியுங்கள்.

என்றும் மாணவியாக,
இதழ்களுக்குப் படம் வரையும் ஒருத்தி